வாஷர் மாற்றத் தெரிந்தவர்கள்

அந்த வருஷம் எங்கள் உதவிச் சங்கத்தின் பொதுக்கூட்டத்துக்குப் பதினொரு பேர் வந்திருந்தோம். அதில் இரண்டு பேர் டீ போட வந்தவர்கள். லெஸ்டர் நகரில் ஒரு தேவாலயத்துக்குப் பின்னால் இருந்த சின்ன ஹால். ஹீட்டரைப் போட்டால் பேசுவது கேட்காது. நிறுத்தினால் கை விறைத்துப் போகும். பொருளாளராக இருந்த பெரியவருக்குக் கண் ஆப்பரேஷன். "கணக்குத் தெரிந்தவர்கள் யாராவது இருக்கிறீர்களா?" என்று கேட்டார்கள். பத்துப் பேரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். 2001ஆம் ஆண்டு அது. நான் திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து இங்கிலாந்துக்கு வந்து இரண்டு வருஷம்தான் ஆகியிருந்தது. ஓர் அலுவலகத்தில் கணக்கு வேலை. முடியாது என்று சொல்வதற்கான ஆங்கிலம் எனக்கு அப்போது சரியாக வராது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் ஒரு பிஸ்கட் டின்னை என் கையில் கொடுத்தார்கள். அதுதான் சங்கத்தின் அலுவலகம். உள்ளே ரப்பர் பேண்ட் போட்ட ரசீதுகள், செக் புத்தகம், ஒரு நோட்டு. நோட்டில் எழுதியிருந்த வரவுகளைப் படித்தேன். காபி காலை: 83 பவுண்டு. ஜாம் விற்றது: 41. பழைய புத்தகம்: 19. பெயர் சொல்லாதவர்: 5. செலவுப் பக்கத்தில் ஒரே இடம் திரும்பத் திரும்ப வந்தது. டெசோ, உகாண்டா.

நோட்டை மூடும்போது ஆச்சி வீட்டு அடுப்பங்கரை ஞாபகம் வந்தது. அங்கே மூலையில் ஒரு சின்னப் பானை இருக்கும். உலைக்கு அரிசி அளக்கும்போதெல்லாம் ஆச்சி ஒரு கைப்பிடி எடுத்து அதில் போடுவாள். வீட்டில் அரிசி குறைந்த நாளிலும் போடுவாள். கைப்பிடி மட்டும் கொஞ்சம் சிறுக்கும். சேர்ந்ததைக் கோயிலுக்குக் கொண்டுபோய்க் கொடுப்பாள். எங்கள் பக்கம் தேவாலயத்தைக் கோயில் என்றுதான் சொல்வோம். "எங்க ஆச்சி போகுது இந்த அரிசி?" என்று கேட்டால், "மிஷனுக்கு" என்பாள். அந்த மிஷன் எங்கே இருக்கிறது என்று அவளுக்கும் தெரியாது. 1903இல் பாளையங்கோட்டையில் தொடங்கிய இந்திய மிஷனரி சங்கம் நிஜாம் ராஜ்யத்தில் தோர்ணக்கல் பக்கம் ஆட்களை அனுப்பியதும், தெலுங்கு தெரியாத தமிழர்கள் அங்கே போய் மொழி கற்றுக்கொண்டதும் பிறகு நான் படித்துத் தெரிந்துகொண்டவை. ஆச்சிக்குத் தெரிந்ததெல்லாம் பானையும் கைப்பிடியும்தான்.

லெஸ்டரில் அந்தப் பானை பிஸ்கட் டின்னாக இருந்தது.

சங்கத்தைத் தொடங்கியவர் ஓர் ஓய்வுபெற்ற ஆசிரியை. இங்கிலாந்தில் எண்பது வயதுக்காரரையும் பெயர் சொல்லித்தான் கூப்பிட வேண்டும். எனக்கு நாக்கு திரும்பவில்லை. "டீச்சர்" என்றே கூப்பிட்டேன். அவர் சிரித்தார். "உகாண்டாவிலும் அப்படித்தான் கூப்பிட்டார்கள்" என்றார்.

அறுபதுகளில் டெசோவில் கூமி நகருக்குப் பக்கத்தில் ஒரு பள்ளியில் அவர் பாடம் நடத்தியிருக்கிறார். டெசோ அப்போது ஏர்மாடுகளின் சீமை. மாடில்லாத வீடு அபூர்வம். கேழ்வரகு, கடலை, மரவள்ளி, பருத்தி. 1987இல் அங்கே கலகம் மூண்டது. அரசுப் படைகளும் கலகக்காரர்களும் ஒரு பக்கம் சண்டை போட, கிழக்கே கரமோஜாவிலிருந்து துப்பாக்கியோடு வந்தவர்கள் மாடுகளை ஓட்டிக்கொண்டு போனார்கள். 1989 ஜூலையில் முகூரா ரயில் நிலையத்தில் பிடித்தவர்களை ராணுவம் ஒரு சரக்குப் பெட்டிக்குள் அடைத்துப் பூட்டியது; மூச்சு முட்டி 69 பேர் செத்தார்கள். 1992வாக்கில் ஓய்ந்தபோது உழுவதற்கு மாடு இல்லை. பெண்கள் மண்வெட்டியால் கொத்தினார்கள். டீச்சரிடம் முன்பு படித்த ஒருத்தி கடிதம் எழுதினாள். பணம் கேட்கவில்லை. யார் யார் உயிரோடு இருக்கிறார்கள் என்று ஒரு பட்டியல் அனுப்பியிருந்தாள், அவ்வளவுதான். டீச்சர் அந்தக் கடிதத்தைத் தேவாலய நோட்டீஸ் போர்டில் குத்தி வைத்தார். சங்கம் பிறந்த கதை அவ்வளவுதான். முதல் வருஷம் சேர்ந்த பணத்தில் சில ஜோடி உழவு மாடுகள் வாங்கினார்கள்.

டீச்சரைத் தவிர இன்னும் நாலைந்து பேர் எப்போதும் இருப்பார்கள். ரயில்வேயில் சிக்னல் வேலை பார்த்து ஓய்வுபெற்ற ஒருவர், எந்தத் தீர்மானத்துக்கும் "இது பழுதானால் யார் பார்ப்பது?" என்று ஒரு கேள்வி கேட்பார். மற்றவர்களுக்கு அலுப்பாக இருக்கும். ஜாம் செய்யும் அம்மா ஒருவர். கோடையில் வேலியோரம் பறித்த பிளாக்பெர்ரியைக் காய்ச்சிப் பழைய பாட்டில்களில் நிரப்பி, மேலே துணி கட்டி விற்பார். கூட்டங்களில் பேசவே மாட்டார். ஆனால் கூட்டம் முடிந்து எல்லாரும் கோட்டை மாட்டிக்கொண்டு கிளம்பும்போது கப்பு கழுவிக்கொண்டிருப்பது அவராகத்தான் இருக்கும். உகாண்டாவை அவர் பார்த்ததே இல்லை. பார்க்க ஆசையும் இல்லை என்பார். "நான் போகும் டிக்கெட் காசுக்கு எத்தனை பாட்டில் ஜாம் தெரியுமா?"

தேவாலயத்துக்கு வராத ஒருவரும் கொடுத்தார். பெல்கிரேவ் சாலையில் துணிக்கடை வைத்திருந்த குஜராத்திப் பெரியவர். 1972இல் இடி அமீன் 90 நாள் கெடு வைத்து ஆசியர்களைத் துரத்தியபோது கையில் ஒரு பெட்டியோடு லெஸ்டருக்கு வந்து சேர்ந்தவர். எங்கள் ஊருக்கு வராதீர்கள் என்று லெஸ்டர் நகர மன்றமே உகாண்டாப் பத்திரிகையில் விளம்பரம் கொடுத்திருந்த காலம் அது. வந்தவர்களால்தான் அந்தச் சாலை பிழைத்தது என்று பிறகு அதே ஊர் சொன்னது. அவருடைய கடை முன்பு டெசோவின் சொரோட்டி நகரில் இருந்ததாம். வருஷத்துக்கு 20 பவுண்டு கொடுப்பார், ரசீது வாங்க மாட்டார். துரத்திய நாட்டுக்கு ஏன் கொடுக்கிறீர்கள் என்று ஒருதரம் கேட்டுவிட்டேன். துணியை மடித்துக்கொண்டே, "துரத்தினவன் அந்த ஊர்க்காரன் இல்லையே, பேட்டி" என்றார். பேட்டி என்றால் மகளே.

நான் செய்த முதல் உருப்படியான வேலை காகித வேலைதான். வருமான வரி கட்டுகிறவர் தர்மத்துக்குக் கொடுத்தால், அவர் கட்டிய வரியிலிருந்து ஒரு பங்கை அரசு சங்கத்துக்குத் திருப்பித் தரும். கிஃப்ட் எய்ட் என்று பெயர். 2000 ஏப்ரல் வரை பெரிய தொகைகளுக்கு மட்டும் இருந்த சலுகை அது; அதன்பிறகு ஐந்து பவுண்டுக்கும் உண்டு. அப்போது ஒரு பவுண்டுக்கு 28 பென்ஸ் வந்தது; பிற்பாடு 25 ஆனது. ஒவ்வொருவராகப் பிடித்துக் கையெழுத்து வாங்கினேன். முதல் செக் வந்தபோது ஜாம் அம்மா நம்பவே இல்லை. "நான் பழமே பறிக்காமல் இவ்வளவா?" என்றார்.

பெரிய அமைப்புகளோடு எங்களை ஒப்பிட முடியாது. 1957 முதல் வருஷந்தோறும் ஒரு வாரம் வீடு வீடாகக் கவர் போட்டுப் பணம் திரட்டும் கிறிஸ்டியன் எய்டுக்கு அலுவலகம் உண்டு, நிபுணர்கள் உண்டு. எங்களுக்குச் சம்பளம் வாங்கும் ஆள் ஒருவர்கூட இல்லை. போய்ப் பார்ப்பதென்றால் சொந்தக் காசில்தான் போக வேண்டும் என்பது டீச்சர் வைத்த சட்டம். 2006 ஜனவரியில் அப்படித்தான் போனோம். டீச்சர், ரயில்வேக்காரர், நான்.

என்டெபியில் இறங்கி, கம்பாலா தாண்டி, ஜின்ஜாவில் நைல் நதியைக் கடந்து, ம்பாலே வழியாக வடக்கே போனால் நிலம் தட்டையாகிக்கொண்டே வருகிறது. சதுப்பு, அதற்குமேல் பாதை, மறுபடி சதுப்பு. சொரோட்டி வந்துவிட்டது என்பதை ஊருக்கு நடுவில் எழுந்து நிற்கும் ஒற்றைப் பாறை சொல்லிவிடும். திருச்சிக்காரர்களுக்கு அதைப் பார்த்தால் வீட்டு ஞாபகம் வரும். அன்று ராத்திரி கேழ்வரகு மாவும் மரவள்ளி மாவும் சேர்த்துக் கிண்டிய ஒரு களி வைத்தார்கள். அடாப் என்று பெயர். புளி கரைத்த தண்ணீரில் கிண்டியது. தொட்டுக்கொள்ள, கடலை அரைத்துவிட்ட கீரை. கையால் பிட்டு உருட்டிக் குழிவைத்து, கீரையை அள்ளி வாயில் போட்டேன். வீட்டுக்காரம்மா என் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு பக்கத்திலிருந்தவளிடம் ஏதோ சொன்னாள். "இவளுக்குச் சாப்பிடத் தெரிகிறது என்கிறாள்" என்று மொழிபெயர்த்தார்கள்.

மறுநாள்தான் அந்தக் கிணற்றைப் பார்க்கப் போனோம். மூன்று வருஷம் சேர்த்த பணத்தில் போட்ட ஆழ்துளைக் கிணறு. லெஸ்டர் ஹாலில் அதன் போட்டோ மாட்டியிருந்தது. கைப்பம்பிலிருந்து தண்ணீர் கொட்ட, சுற்றிலும் பிள்ளைகள் சிரிக்கும் போட்டோ. அந்தப் போட்டோவைக் காட்டித்தான் அடுத்த வருஷப் பணத்தையும் சேர்த்தோம்.

தூரத்திலேயே எனக்குச் சந்தேகம் தட்டியது. தை மாசக் கோடை. பம்பு இருக்கும் இடத்தில் மஞ்சள் ஜெரிகேன்கள் வரிசையாக நிற்க வேண்டும். எங்கள் ஊரில் பிளாஸ்டிக் குடங்கள் நிற்பதைப் போல. ஒன்றுகூட இல்லை. சிமெண்டு மேடையில் ஆடு படுத்திருந்தது. மேடையின் முகப்பில், ஈரச் சிமெண்டில் குச்சியால் எழுதிக் காயவைத்த எழுத்தில், எங்கள் சங்கத்தின் பெயர் மட்டும் பளிச்சென்று இருந்தது.

கோயில் டியூப்லைட்டில் வெளிச்சம் மறைகிற அளவுக்கு 'உபயம்' எழுதி வைப்பவர்களைப் பார்த்துக் கேலி பேசி வளர்ந்தவள் நான். அன்று அந்த மேடை முன்னால் நின்றபோது முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை.

கிட்டே போய்க் கைப்பிடியைப் பிடித்தேன். பிடித்த உடனே உள்ளங்கைக்கு அடையாளம் தெரிந்துவிட்டது. அதே இரும்பு, அதே நீளம், தலைப்பகுதியில் அதே மூடி, உள்ளே அதே சங்கிலி. பத்து வயதிலிருந்து எங்கள் தெரு முனையில் நான் அடித்த அடிபம்பு அது. அழுத்தினேன். கனமே இல்லாமல் பொத்தென்று விழுந்தது. இருபது அடி அடித்தும் ஒரு சொட்டு வரவில்லை.

"வாஷர் போயிருக்கும்" என்றேன் தமிழில்.

ரயில்வேக்காரர் என்ன என்று கேட்டார். சொன்னேன். எங்கள் ஊரில் இப்படி ஆனால் பஞ்சாயத்து யூனியன் மெக்கானிக் டிவிஎஸ் 50இல் வருவார். தெரு ஆண்கள் நாலு பேரைக் கூப்பிட்டுக்கொண்டு பைப்பைத் தூக்குவார். மூன்று மீட்டர் பைப்பு ஒவ்வொன்றாக மேலே வரும், கழற்றுவார்கள். கடைசியில் பித்தளை சிலிண்டர் வரும். அதற்குள்ளிருந்து கறுத்துத் தேய்ந்த ஒரு வட்டத் தோலை எடுத்துத் தூர எறிவார். நாங்கள் அதைப் பொறுக்கி விளையாடுவோம். அரை நாள் வேலை. உகாண்டாவில் இந்தப் பம்புக்கு யு2 என்று பெயர். இந்தியா மார்க் 2இன் உகாண்டா வார்ப்பு.

அதன் பிறப்புக் கதையைப் பிறகு தேடிப் படித்தேன். 1967 பஞ்சத்தை ஒட்டி யுனிசெஃப் உதவியோடு இந்தியக் கிராமங்களில் பாறையைத் துளைத்துக் கிணறு போட்டார்கள். மேலே வைத்த வார்ப்பிரும்புப் பம்புகள் ஒரு குடும்பத்துக்கென்று வடிவமைத்தவை. ஊரே அடித்தால் தாங்குமா? எழுபதுகளின் நடுவில் கணக்கெடுத்தபோது பெரும்பாலானவை செத்துக் கிடந்தன. தாக்குப்பிடித்தவை மகாராஷ்டிரத்தில் ஜால்னாவிலும் சோலாப்பூரிலும் கிணறு தோண்டிக்கொண்டிருந்த மிஷன்காரர்களின் சின்னப் பட்டறைகளிலிருந்து வந்தவை. சோலாப்பூர் பம்பை வடிவமைத்தவர் பள்ளிக்கூடப் படிப்பால் அல்லாமல் தானாகத் தொழில் கற்ற ஓர் இந்திய மெக்கானிக். அதை அடிப்படையாக வைத்துச் செய்ததுதான் மார்க் 2. அதைப் பெருமளவில் செய்ய முதலில் இறங்கியது சென்னையில் இருந்த ரிச்சர்ட்சன் அண்டு க்ரூடாஸ் தொழிற்சாலை. ஆனால் நல்ல பம்பு மட்டும் போதவில்லை. ஊருக்கு ஒரு பொறுப்பாளர், ஒன்றியத்துக்கு ஒரு மெக்கானிக், மாவட்டத்துக்கு ஒரு வண்டி என்று மூன்றடுக்காகப் பராமரிக்கும் ஏற்பாடு எழுபதுகளில் தமிழ்நாட்டில் உருவானது. டிவிஎஸ் 50இல் வந்தவர் அந்த நடு அடுக்கு. நாங்கள் டெசோவுக்குப் பம்பை அனுப்பினோம். டிவிஎஸ் 50காரரை அனுப்ப மறந்துவிட்டோம்.

ஊர்க் கூட்டம் ஒரு மாமரத்தடியில் நடந்தது. யாரும் எங்களைக் குறை சொல்லவில்லை. அதுதான் கஷ்டமாக இருந்தது. கடைசியில் ஒரு பெண், இடுப்பில் பிள்ளையோடு எழுந்து சொன்னாள்: "நீங்கள் போட்டோ எடுத்துக்கொண்டு போனீர்கள். இது நின்றுபோனால் யாரிடம் சொல்ல வேண்டும் என்று எங்களுக்குச் சொல்லவில்லை. உங்களுடையது என்று எழுதியிருக்கிறது. நாங்கள் எப்படிக் கழற்றுவது?" பம்பு நின்று ஏழு மாதம் ஆகியிருந்தது. சதுப்பில் மாடு குடிக்கும் தண்ணீரையே மொண்டு குடித்துக்கொண்டிருந்தார்கள். வாஷரின் விலை ஒரு கோழி விலைகூட இல்லை.

திரும்பும் வழியில் வண்டியில் யாரும் பேசவில்லை. ரயில்வேக்காரர் தன் வழக்கமான கேள்வியைக் கேட்டிருந்தால்கூடப் பரவாயில்லை; அவரும் கேட்கவில்லை. டீச்சர் மட்டும் வெகுநேரம் கழித்து, "உங்கள் ஊர்க்காரர் ஒருவர் எங்களுக்கு இதை முன்னாலேயே சொல்லிவிட்டார்" என்றார். வெள்ளாளன்விளையில் பிறந்த வேதநாயகம் சாமுவேல் அசரியாவைச் சொன்னார். 1910இல் எடின்பரோவில் கூடிய உலக மிஷனரி மாநாட்டில், மேல்நாட்டு மிஷனரிகள் முகத்துக்கு நேரே பேசியவர். நீங்கள் எங்களுக்காக எவ்வளவோ கொடுத்தீர்கள், தியாகம் செய்தீர்கள், ஆனால் நாங்கள் கேட்பது நட்பு என்று பேசினார். அப்போது அவருக்கு 35 வயது. இரண்டு வருஷம் கழித்து ஆங்கிலிக்கன் சபையின் முதல் இந்திய பிஷப் ஆனார். ஆச்சியின் கைப்பிடி அரிசி போன மிஷனைத் தொடங்கியவர்களில் ஒருவர். எங்கள் பக்கத்து ஆளைப் பற்றி டெசோவின் செம்மண் சாலையில் ஓர் ஆங்கிலேயக் கிழவி சொல்லித்தான் நான் முழுசாகக் கேட்டேன்.

லெஸ்டருக்கு வந்ததும் ஹாலிலிருந்த போட்டோவைக் கழற்றினோம். நடந்ததை நடந்தபடி எழுதி உறுப்பினர்களுக்கு அனுப்ப வேண்டும் என்றார் டீச்சர். பணம் வராமல் போகும் என்று சிலர் தடுத்தார்கள். ஜாம் அம்மா முதல்முறையாகக் கூட்டத்தில் வாய் திறந்தார்: "ஜாம் கெட்டுப்போனால் வாங்கினவரிடம் சொல்லத்தானே வேண்டும்?" கடிதம் போனது. சிலர் நிறுத்திக்கொண்டார்கள். குஜராத்திப் பெரியவர் 20ஐ 30 ஆக்கினார்.

அதன்பிறகு எங்கள் வேலை மெதுவாகிவிட்டது. ஊரில் குழு அமையாமல் கிணறு இல்லை. குழுவில் பாதிக்குமேல் பெண்கள். வீட்டுக்கு மாதம் 500 ஷில்லிங். எங்கள் காசுக்குப் பதினைந்து பென்ஸ்கூட வராது. அந்தப் பணம் ஒரு தகரப் பெட்டியில் இருக்கும். பெட்டிக்கு மூன்று பூட்டு. மூன்று சாவியும் மூன்று பேரிடம். மூவரும் சேர்ந்து, எல்லார் முன்னாலும்தான் திறக்க முடியும். ஆப்பிரிக்கக் கிராமச் சேமிப்புக் குழுக்கள் பல இடங்களில் கையாளும் வழி இது. எந்தத் தணிக்கையாளரும் இதைவிட நல்ல முறை சொல்லிவிட முடியாது. பக்கத்து ஊர்களிலிருந்து நாலு பேரைத் தேர்ந்தெடுத்துப் பம்பு வேலை பழக்கினார்கள். மாமரத்தடியில் எங்களைக் கேள்வி கேட்ட பெண் அதில் ஒருத்தி. மேடையில் பெயர் எழுதுவது நின்றது.

2007இல் பெருமழை வந்து டெசோ மூழ்கியபோது பழைய பழக்கம் மறுபடி தலைகாட்டியது. செய்திப் படங்களைப் பார்த்த உடனே கம்பளி சேர்க்கலாம் என்று கிளம்பினோம். டீச்சர்தான் "முதலில் கேளுங்கள்" என்றார். கேட்டோம். கம்பளி வேண்டாம், மண்ணுக்குள்ளேயே கடலையும் மரவள்ளியும் அழுகிவிட்டன, விதைக் கடலையும் நட மரவள்ளிக் குச்சியும் வேண்டும் என்று பதில் வந்தது. கம்பளி என்றால் ஹால் நிறைந்து வழிந்திருக்கும். குச்சிக்குப் பணம் சேர்க்க ரொம்பச் சிரமப்பட்டோம். குச்சியை வைத்து நல்ல போட்டோ எடுக்க முடியாது.

2009இல் இன்னொருமுறை போனேன், டீச்சர் வரவில்லை, முழங்கால் விடவில்லை. அந்தப் பம்படியில் ஜெரிகேன் வரிசை நின்றது. நானும் வரிசையில் நின்று ஒரு கேன் அடித்தேன். கைப்பிடி கனத்தது. "எயலாமா" என்றேன், அவர்கள் மொழியில் நன்றி. எதற்கு நன்றி என்று கேட்டுச் சிரித்தார்கள்.

சங்கம் இப்போது இல்லை. ஒவ்வொருவராக வயதாகிப் போனார்கள். டீச்சர் 2013இல் காலமானார். பூ வேண்டாம், டின்னில் போடுங்கள் என்று எழுதி வைத்திருந்தார். அதற்கடுத்த வருஷம் ஜாம் அம்மா. இளையவர்கள் யாரும் பொறுப்பெடுக்க முன்வராததால், மீதி இருந்த பணத்தை இதே போன்ற வேலை செய்யும் இன்னொரு சங்கத்துக்கு மாற்றி, பதிவை ரத்துசெய்யச் சொல்லிக் கடைசிக் கையெழுத்தை நான்தான் போட்டேன். இங்கே பலர் வருத்தப்பட்டார்கள். எனக்கு அவ்வளவு வருத்தம் இல்லை. ஓர் உதவிச் சங்கம் எவ்வளவு காலம் நீடித்தது என்று பார்ப்பதைவிட, அது மூடிய பிறகு என்ன நின்றது என்று பார்ப்பதே சரி என்று நினைக்கிறேன்.

பிஸ்கட் டின் இன்னும் என்னிடம் இருக்கிறது. அதில் மேலாக இருப்பது டெசோவிலிருந்து வந்த கடைசிக் கடிதத்தோடு வைத்திருந்த ஒரு ரசீது நகல். இரண்டு வாஷர், ஒரு சங்கிலி போல்ட், மெக்கானிக் கூலி. பணம் கொடுத்தவர் என்ற இடத்தில் ஊர்க் குழுவின் பெயர் இருக்கிறது. மெக்கானிக் கையெழுத்து, மாமரத்தடியில் எழுந்து பேசிய அந்தப் பெண்ணுடையது.